கேபிளுக்குள் நுரை எதற்கு?

தொலைக்காட்சிக்கு வரும் கோ-ஆக்சியல் கேபிளின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு கம்பி. சுற்றிலும் வெண்ணிறப் பாலிதீன் நுரை. அதன்மேல் உலோக உறை. கம்பிக்கும் உறைக்கும் இடையிலேதான் மின்காந்த அலை செல்கிறது.

அங்கே காற்று மட்டும் இருந்தால் அலை ஏறத்தாழ ஒளியின் வேகத்தில், அதாவது நொடிக்கு 3 லட்சம் கி.மீ. செல்லும். கெட்டிப் பாலிதீனின் மின்காப்பு மாறிலி சுமார் 2.25. இதன் வர்க்கமூலம் 1.5. வேகத்தை இதனால் வகுத்தால் 2 லட்சம் கி.மீ. கிடைக்கும். அத்துடன், பாலிதீன் அலையின் ஆற்றலில் சிறிதளவை வெப்பமாக்கி வீணாக்கும்.

அப்படியானால் காற்றே போதாதா? போதாது. தாங்கலின்றி நடுக்கம்பி விலகிவிடும். விலகிய இடத்தில் அலையின் ஒரு பகுதி எதிரொளித்துத் திரும்பும். ஆகவே இடைவெளியை ஓரளவு மட்டும் நிரப்புகிறார்கள். 1936-ல் நியூயார்க்–பிலடெல்பியா இடையே சோதித்த கேபிளில் காப்பு வட்டுகளே கம்பியைத் தாங்கின. இன்று அந்த வேலையை நுரை செய்கிறது.

100 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அரை அலைநீளக் கேபிள் வேண்டுமா? காற்றில் 150 செ.மீ.; கெட்டிப் பாலிதீனில் 100 செ.மீ.; நுரையில் இரண்டுக்கும் இடைப்பட்ட அளவு. எனவே, வெட்டுமுன் உள்ளே இருப்பது என்னவென்று பாருங்கள்!