மூஸா (அலை) அவர்களை நினைவுகூரும் இரவு: இந்திய யூதர்களின் பஸ்காவும் ஒரு சின்ன ஜமாஅத்தின் வாழ்க்கையும்

முஹர்ரம் பிறந்துவிட்டால் ஆஷூரா நோன்பைப் பற்றிப் பேசாத மிம்பர் நம் ஊர்களில் இருக்காது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அங்கிருந்த யூதர்கள் அன்று நோன்பு வைத்திருந்தார்கள். காரணம் கேட்டபோது, மூஸா (அலை) அவர்களையும் பனூ இஸ்ராயீலையும் ஃபிர்அவ்னிடமிருந்து அல்லாஹ் காப்பாற்றிய நாள் இது என்றார்கள். மூஸாவிடம் நமக்கே உரிமை அதிகம் என்ற கருத்தில் பதில் சொல்லி, நபியவர்கள் தாமும் நோன்பு வைத்தார்கள். தோழர்களையும் வைக்கச் சொன்னார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி இது.

பயான் முடிந்ததும் மத்ரஸாப் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள்: "அந்த யூதர்கள் இப்போதும் அந்த நாளைக் கொண்டாடுகிறார்களா ஹஜ்ரத்?" நியாயமான கேள்வி. தொலைக்காட்சியில் ஃகஸ்ஸாவின் இடிபாடுகளைப் பார்த்துப் பார்த்து, யூதர் என்றால் துப்பாக்கி ஏந்திய சிப்பாய் என்ற ஒரே படம்தான் நம் பிள்ளைகளின் மனத்தில் பதிந்திருக்கிறது. நம் நாட்டிலேயே பல நூற்றாண்டுகளாக வாழும் யூதர்கள் இருக்கிறார்கள் என்பது பெரியவர்களிலும் பலருக்குத் தெரியாது. எனவே இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆஷூரா வேறு, பஸ்கா வேறு

மூஸா (அலை) அவர்களின் மீட்சியை யூதர்கள் இன்று நினைவுகூர்வது ஆஷூரா நாளில் அல்ல, 'பெசாஹ்' என்னும் பெருநாளில். தமிழ்க் கிறிஸ்தவர்கள் இதைப் பஸ்கா என்பார்கள், அரபியில் ஃபிஸ்ஹ். அவர்களின் நீஸான் மாதம் 15ஆம் இரவு, முழுநிலவில் இது தொடங்கும். மதீனாவில் ஆஷூராவாக இருந்தது அவர்களுடைய திஷ்ரீ மாதத்தின் பத்தாம் நாள் நோன்பாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

நமது ஆண்டு சுமார் 354 நாட்கள். அதனால்தான் ரமளான் கோடையிலும் வரும், மழையிலும் வரும். யூதர்களும் பிறைக் கணக்கையே பின்பற்றினாலும், 19 ஆண்டுகளுக்குள் 7 முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆகவே பஸ்கா எப்போதும் மார்ச் இறுதிக்கும் ஏப்ரலுக்கும் உள்ளேயே வரும். நமக்கு மாதங்கள் பன்னிரண்டுதான் என்று சூரத்துத் தவ்பா உறுதிசெய்துவிட்டதால் அந்த வழி நமக்கில்லை.

கேள்வியில் தொடங்கும் விருந்து

பஸ்காவின் மையம் தொழுகைக்கூடம் அல்ல. வீட்டுச் சாப்பாட்டு மேசை. முதல் இரவு நடக்கும் விருந்துக்கு 'செதேர்' என்று பெயர். 'ஒழுங்குமுறை' என்பது அதன் பொருள். 'ஹகாதா' என்ற சிறு நூலை வைத்துக்கொண்டு குடும்பமே வரிசைப்படி வாசிக்கும்.

தட்டில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் ஒரு பாடம். புளிக்காத ரொட்டி: எகிப்தை விட்டு அவசரமாகப் புறப்பட்டதால் மாவு புளிக்க நேரமில்லை என்பதன் நினைவு. கசப்புக் கீரை: அடிமை வாழ்வின் கசப்பு. உப்புநீர்: அன்று வடித்த கண்ணீர். பழமும் கொட்டையும் சேர்த்து அரைத்த இனிப்பு விழுது: செங்கல் சூளையில் அவர்கள் மிதித்த களிமண். எகிப்தியர் மீது இறங்கிய பத்து வேதனைகளைச் சொல்லும்போது கிண்ணத்திலிருந்து பத்துத் துளிகளை வெளியே எடுத்துவிடுவார்கள். எதிரியே ஆனாலும் மனிதர்கள் அழிந்த செய்தியைச் சொல்லும்போது நம் மகிழ்ச்சிக் கிண்ணம் நிறைந்திருக்கக் கூடாது என்று அதற்கு விளக்கம் தருகிறார்கள்.

இவ்வளவையும் தொடங்கிவைப்பது வீட்டின் கடைக்குட்டிதான். "மற்ற இரவுகளை விட இந்த இரவு ஏன் வேறுபட்டது?" என்ற கருத்தில் அந்தப் பிள்ளை கேட்க வேண்டும். பிள்ளை கேட்டால்தான் தகப்பன் கதை சொல்வார். வரலாற்றைப் பிள்ளையின் காதில் போடுவது இங்கே ஒரு மதக்கடமையாகவே வைக்கப்பட்டிருக்கிறது.

பஸ்கா நாட்களில் வீட்டில் புளிப்பேறிய தானியப் பண்டம் எதுவும் இருக்கக் கூடாது. கோதுமை, வாற்கோதுமை உள்ளிட்ட ஐந்து தானியங்களுக்கு இந்த விதி. மாவில் தண்ணீர் பட்ட 18 நிமிடங்களுக்குள் ரொட்டியைச் சுட்டு முடித்துவிட வேண்டும். வாரக்கணக்கில் வீட்டைக் கழுவித் துடைத்து, பாத்திரங்களையும் மாற்றுவார்கள். ரமளானுக்கு முன் நம் வீடுகளில் நடக்கும் சுத்தம் செய்யும் வேலையை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் புரியும்.

கொங்கணக் கரையின் 'சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள்'

இந்திய யூதர்களில் மூன்று பிரிவினர் முக்கியமானவர்கள்: கேரளத்தின் கொச்சி யூதர்கள், ஈராக் போன்ற அரபு நாடுகளிலிருந்து கொல்கத்தாவுக்கும் மும்பைக்கும் வந்த பாக்தாதி யூதர்கள், மகாராஷ்டிரக் கொங்கணக் கரையின் பெனே இஸ்ரேல் மக்கள். மூன்றிலும் எண்ணிக்கையில் பெரியவர்கள் பெனே இஸ்ரேல். பெயரே 'பனூ இஸ்ராயீல்'தான்.

இவர்களின் தாய்மொழி மராத்தி. பழைய தொழில் எண்ணெய் ஆட்டுவது. சனிக்கிழமை செக்கு ஓட்டாததால் ஊரார் இவர்களை 'ஷனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள் என்றே அழைத்தார்கள். மற்ற யூதர்களின் தொடர்பு அற்றுப்போய், எபிரேய மொழியே மறந்துபோன காலத்திலும் ஓய்வுநாள், கத்னா, உணவு விதிகள் ஆகியவற்றை இவர்கள் விடவில்லை. பஸ்காவின் பெயர் மறந்துவிட்டது. ஆனால் அந்தப் பருவத்தில் புளிப்புச் சாடியை எட்டு நாட்கள் மூடிவைக்கும் ஒரு பண்டிகை மட்டும் தங்கியிருந்தது. விதி மறந்த பிறகும் வீட்டுப் பெண்களின் கைப்பழக்கம் அதைக் காப்பாற்றி வைத்திருந்தது.

இவர்களிடம் நமக்குப் பழக்கமான விஷயங்கள் சில உண்டு. தொழுகைக்கூடத்தை மராத்தியில் 'மஷித்' என்றே சொல்லி வந்தார்கள். மும்பையின் மஸ்ஜித் பந்தர் ரயில் நிலையப் பெயரே, 1796இல் சாமுவேல் எசக்கியேல் திவேகர் கட்டிய பழைய யூதத் தொழுகைக்கூடத்தால் வந்தது என்று சொல்வார்கள். இந்தத் திவேகர் ஆங்கிலேயப் படையில் இருந்தபோது திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டார் என்றும், இவர்கள் குர்ஆன் சொல்லும் பனூ இஸ்ராயீல் என்பதால் திப்புவின் தாயார் பரிந்து பேசி விடுவித்தார் என்றும் அவர்களிடையே ஒரு கதை வழங்குகிறது. இல்யாஸ் (அலை) அவர்கள் மீது இவர்களுக்கு மிகுந்த மரியாதை. வீட்டு விசேஷங்களில் அவர் பெயரை நினைவுகூர்ந்து அவல், தேங்காய், சர்க்கரை, பழம் சேர்த்துச் செய்யும் உணவின் பெயர் மலீதா.

பஸ்கா இரவில் பல நாட்டு யூதர்கள் திராட்சை மது வைப்பார்கள். பெனே இஸ்ரேல் வீடுகளில் வழக்கமாக வைப்பது உலர்திராட்சையை ஊறவைத்து எடுத்த சர்பத். இனிப்பு விழுதுக்குப் பதிலாகப் பேரீச்சம்பழப் பாகு. ஐரோப்பிய யூதர்கள் பஸ்காவில் அரிசியையும் தவிர்த்து வந்தார்கள். இந்திய யூதர்களுக்கு அரிசி உண்டு. ஒரே சட்டம் ஊருக்கு ஊர் வேறு சமையலாக வருவது நமக்கும் புதிதல்ல.

மும்பையிலும் தில்லியிலும் சீர்திருத்த வழி

யூதர்களில் பழைய விதிகளை எழுத்துக்கு எழுத்து பேணுவோர் உண்டு. காலத்துக்கேற்ப வழிபாட்டு முறைகளை மாற்றிக்கொள்ளலாம் என்போரும் உண்டு. இரண்டாவது போக்கு 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வலுப்பெற்றது. 1902இல் லண்டனில் லில்லி மாண்டேகு என்ற பெண்மணியும் கிளாட் மாண்டிஃபியோரும் இதற்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். அந்த வழியில் 1925இல் பம்பாயில் யூத மத ஒன்றியம் தொடங்கியது. அதற்கு முன்நின்றவர் டாக்டர் ஜெருஷா ஜிராட். லண்டனில் மருத்துவம் படித்து, மும்பை காமா மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். 1966இல் பத்மஸ்ரீ பெற்றவர். அந்தச் சபையில் ஆண்களும் பெண்களும் சேர்ந்தே அமர்கிறார்கள். பெனே இஸ்ரேலில் பெரும்பாலோர் பழைய முறையிலேயே நின்றுவிட, இந்தச் சபை சிறியதாகவே தொடர்ந்தது.

இன்னும் சிறியது தில்லி. ஹுமாயூன் சாலையில் 1956இல் கட்டப்பட்ட ஜூடா ஹயாம் தொழுகைக்கூடம்தான் அங்கே யூதர்களுக்கு உள்ள ஒரே பழைய கூடம். உள்ளூர்க் குடும்பங்கள் ஏறத்தாழ பத்துதான். சம்பளம் வாங்கும் குரு கிடையாது. வழக்கறிஞரும் தேசிய மனித உரிமை ஆணையத்தில் பணியாற்றியவருமான எசக்கியேல் ஐசக் மாலேகர் பல பத்தாண்டுகள் ஊதியமின்றி அதைக் கவனித்து வந்தார். பக்கத்திலேயே மையவாடி. 1971 போரில் கிழக்குப் பிராந்தியத்தில் முக்கியப் பங்காற்றிய லெஃப்டினன்ட் ஜெனரல் ஜே.எஃப்.ஆர். ஜேக்கப் 2016இல் இறந்தபோது அங்குதான் அடக்கம் செய்யப்பட்டார்.

சின்ன ஜமாஅத்தின் சிரமம் எண்ணிக்கையில்தான் தெரியும். யூதர்களின் கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்பது பழைய விதி. ஷாஃபிஈ மத்ஹபில் ஜும்ஆவுக்கு நாற்பது பேர் என்ற நிபந்தனையை அறிந்தவர்களுக்கு இந்தக் கவலை புரியும். தில்லியில் பல வாரங்களில் பத்து ஆண்கள் சேர மாட்டார்கள். அதனால் பெண்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். வேறு மதத்தவரை மணந்தவர்களையும் வாசலில் நிறுத்துவதில்லை. பஸ்கா இரவில் உள்ளூர்க் குடும்பங்களோடு தூதரக ஊழியர்கள், பயணிகள், பிற மத நண்பர்கள் என்று வெளியாட்களும் அமர்கிறார்கள். பசித்தவர் வந்து உண்ணட்டும் என்ற பொருளில் ஹகாதாவின் தொடக்கத்தில் வரும் அழைப்பு அங்கே நிஜமாகிறது.

அவர்கள் செய்த இந்த மாற்றங்கள் அவர்களின் மார்க்கத்தில் சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல. அவர்களுக்குள்ளேயே அதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. பார்க்க வேண்டியது, ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடக் கூடிய பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர்கள் அந்தக் கதையை எப்படிக் கைமாற்றுகிறார்கள் என்பதைத்தான்.

போனவர்களும் இருப்பவர்களும்

1948க்குப் பிறகு பெனே இஸ்ரேலில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். அன்று சுமார் 20,000 பேர் இருந்த அந்தச் சமூகத்தில் இன்று இந்தியாவில் எஞ்சியிருப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான். போன இடத்தில் அவர்களுக்கு எல்லாம் இனிப்பாக இல்லை. இவர்கள் கலப்பற்ற யூதர்கள்தானா என்று அங்குள்ள மதத் தலைமை 1960களின் தொடக்கத்தில் சந்தேகம் கிளப்பி, திருமணங்களுக்குத் தடை போட்டது. இவர்கள் போராடிய பிறகுதான் 1964இல் அந்நாட்டு நாடாளுமன்றம் இவர்களை முழு யூதர்களாக ஏற்றுத் தீர்மானித்தது. இந்தியாவில் தங்கள் மதத்துக்காக யாரிடமும் அடிபடாதவர்கள், சொந்த மதத்தாரிடம் அடையாளத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது.

இங்கேயே இருந்தவர்களில் கவிஞர் நிஸ்ஸிம் எசக்கியேலும் ஒருவர். கல்லூரியில் ஆங்கிலப் பாடம் எடுத்தவர்களுக்கு அவர் பெயர் நினைவிருக்கும். 1983இல் சாகித்திய அகாதமி விருது பெற்றவர். தமிழகத்திலும் யூதத் தடம் உண்டு. சென்னை ஜார்ஜ் டவுனின் பவளக்காரத் தெரு, 17ஆம் நூற்றாண்டில் பவளமும் வைரமும் வணிகம் செய்ய வந்த யூதர்களையும் நினைவூட்டுகிறது. அவர்களின் பழைய கல்லறைக் கற்கள் லாயிட்ஸ் சாலை மையவாடிக்கு மாற்றப்பட்டன.

முஸ்லிம்களோடு இவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? கொல்கத்தாவின் யூதத் தொழுகைக்கூடங்களைத் தலைமுறைகளாகப் பராமரித்து வருவது முஸ்லிம் குடும்பங்கள். அங்குள்ள யூதப் பெண்கள் பள்ளியில் இன்று படிப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் மாணவிகள். கொச்சி மட்டாஞ்சேரியில் 96 வயதில் 2019இல் காலமான சாரா கோஹன் பாட்டியைக் கடைசிவரை கவனித்துக்கொண்டவர்களில் முஸ்லிம்கள் முன்னால் நின்றார்கள். 2008 மும்பைத் தாக்குதலில் யூத மையமொன்றும் குறிவைக்கப்பட்டு அங்கிருந்தவர்கள் கொல்லப்பட்டபோது, தாக்கியவர்களின் உடல்களுக்குத் தங்கள் கபரஸ்தானில் இடமில்லை என்று மும்பை முஸ்லிம்கள் மறுத்துவிட்டார்கள்.

நமக்கான பாடம்

ஃபலஸ்தீன மக்களுக்கு இழைக்கப்படும் அநீதியை எதிர்ப்பது ஈமானின் பகுதி. அதில் தயக்கமே வேண்டாம். ஆனால் ஓர் அரசின் அக்கிரமத்துக்கு, தில்லியில் பத்துக் குடும்பமாக வாழும் எளிய மக்களைக் குற்றவாளியாக்குவது நீதியல்ல. எங்கோ ஒருவன் செய்ததற்கு இங்குள்ள முஸ்லிம் பதில் சொல்ல வேண்டும் என்று நம்மைக் கேட்கும்போது நமக்கு எவ்வளவு வலிக்கிறது! அதே அளவுகோலைப் பிறர் மீது நாம் வைக்கலாமா? வேதக்காரர்கள் அனைவரும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர் என்று சூரா ஆலு இம்ரான் தெளிவாகச் சொல்கிறது. ஒரு யூதரின் ஜனாஸா கடந்தபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அதுவும் ஓர் உயிர்தானே என்று தோழர்களிடம் கேட்டார்கள். செஞ்சிக் கோட்டைக்குள் சஅதுல்லாஹ் கான் பள்ளிவாசலும் வெங்கடரமணர் கோயிலும் நிற்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதுப் பாடமும் அல்ல.

அறிந்துகொள்வது வேறு, பின்பற்றுவது வேறு. மற்றவர்களின் வழிபாட்டுச் சடங்கில் பங்கெடுக்க நம் மார்க்கம் அனுமதிக்கவில்லை. ஆனால் அவர்களைப் பார்த்து நம் வீட்டைக் கேட்டுக்கொள்ளலாம். மூஸா (அலை) அவர்களின் வரலாறு குர்ஆனில் வேறெந்த நபியின் வரலாற்றையும் விட அதிகமாக வருகிறது. நம் வீட்டுப் பிள்ளைக்கு அதை யார் சொன்னார்கள்? உஸ்தாத் சொல்லியிருப்பார், யூடியூப் சொல்லியிருக்கும். அத்தா சொன்னாரா? அம்மா சொன்னாரா?

முஹர்ரம் ஒன்பதும் பத்தும் நோன்பு வைக்கிறோம். பத்தாம் நாள் இஃப்தாருக்கு முன் கால் மணி நேரம் போதும். கைப்பேசியை அப்பால் வைத்துவிட்டு, வீட்டின் சின்னப் பிள்ளையிடம், "இன்று ஏன் நோன்பு வைத்தோம் தெரியுமா?" என்று கேளுங்கள். தெரியாது என்று சொன்னால் கோபப்படாமல், தொட்டிலில் வைத்து ஆற்றில் விடப்பட்ட குழந்தையிலிருந்து கடல் பிளந்த நேரம் வரை சொல்லுங்கள். சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் போய்த் தனியாக வாழப்போகும் நம் பிள்ளைகளுக்கு, பக்கத்தில் பள்ளிவாசல் இல்லாத ஊரிலும் கூட வருவது அந்தக் கதைதான்.

நீதியோடு பேசவும், நம் சந்ததிகளுக்கு மார்க்கத்தைச் சரியாகக் கொண்டுசேர்க்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.