டிக்கெட் விலை வேறு, பயணச் செலவு வேறு

மாதக் கடைசியில் வீட்டுக் கணக்கு பார்க்க உட்கார்ந்தால் அரிசி, பால், கரண்ட் பில், சீட்டுப் பணம் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வரும். பஸ்ஸுக்கு எவ்வளவு போனது என்று கேட்டால் மட்டும் பலரும் கையை விரிப்பார்கள். பத்தும் இருபதுமாகச் சில்லறையில் கரையும் பணம் நோட்டில் ஏறுவதே இல்லை. புள்ளலூர் போன்ற ஊரிலிருந்து தினமும் காஞ்சிபுரத்துக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போகிறவர்களின் சம்பளத்தில் இந்தச் சில்லறை பெரிய துண்டை எடுத்துக்கொள்கிறது.

புள்ளலூரைச் சரித்திரம் படித்தவர்கள் அறிவார்கள். 1780 செப்டம்பர் 10-ம் தேதி ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை இங்கேதான் முறியடித்தார்கள். காஞ்சிபுரத்தில் இருந்த கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோவின் பெரும்படை பெய்லிக்கு உதவ உரிய வேளையில் வந்து சேரவில்லை. பக்கத்து ஊர்தான் என்றாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாவிட்டால் அது தூரம்தான். இன்றைக்கும் இந்தப் பக்கத்துக் கிராமத்துக்காரர்களின் பயணச் செலவைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்த நேரம்தான்.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் அவருக்குக் கட்டணம் கிடையாது. 2021 மே மாதம் தொடங்கி, பின்னர் ‘விடியல் பயணம்’ என்று பெயர் பெற்ற திட்டம் இது. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. அப்படியென்றால் பயணச் செலவுக்கு நேராகப் பூஜ்யம் என்று எழுதிவிடலாமா? முடியாது. முகூர்த்த நாள் வந்தால் கடை சாத்த நேரமாகும், அவர் நம்பியிருந்த பஸ் போய்விடும். வாரத்தில் இரண்டு இரவு ஷேர் ஆட்டோவுக்கு 40 ரூபாய் வீதம் கொடுத்தார் என்று வைத்தால்கூட மாதத்துக்கு 320 ரூபாய் ஆகிறது, வருஷத்துக்கு 3,840. இலவசப் பயணம் இருக்கும் வீட்டிலேயே இவ்வளவு என்றால், அதே கடையில் வேலை பார்க்கும் ஆண்களின் கணக்கைச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் கணக்கை டிக்கெட்டிலிருந்து தொடங்காதீர்கள். வீட்டு வாசலிலிருந்து தொடங்குங்கள். ஏழு நாளைக்கு ஒரு சின்ன நோட்டில், போகும்போது ஒரு வரி, வரும்போது ஒரு வரி எழுதினால் போதும். பஸ் நிறுத்தம் வரை வண்டியில் போனால் பெட்ரோல், ஸ்டாண்டில் வண்டி விடும் காசு, பஸ், ரயில், இறங்கிய பிறகு ஆட்டோ எல்லாம் அதில் வர வேண்டும். பஸ்ஸைத் தவறவிட்ட நாளுக்குப் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். வாரக் கடைசியில் பணம் போன இடத்தை அந்தக் கோடுகளே காட்டிக்கொடுக்கும்.

சென்னை வரை போகிறவர்களுக்குக் கணக்கு இன்னும் கவனமாக வேண்டும். 2018 ஜனவரியில் நிர்ணயித்த கட்டணப்படி வெளியூர் சாதாரண பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 58 பைசா, விரைவுப் பேருந்துக்கு 75 பைசா. 75 கிலோமீட்டர் என்று வைத்தால் முன்னதில் 43 ரூபாய் 50 பைசா, பின்னதில் 56 ரூபாய் 25 பைசா. சுங்கக் கட்டணம் போன்றவை இதற்கு மேல் சேரும். ஒரு நடைக்கு 12 ரூபாய் 75 பைசா வித்தியாசம் அற்பமாகத் தோன்றும். போக வர, மாதம் 26 நாள் என்று பெருக்கினால் 663 ரூபாய் வந்து நிற்கும்.

ரயிலில் போக முடிந்தவர்கள் சீசன் டிக்கெட்டை யோசிக்காமல் இருக்கக் கூடாது. புறநகர் ரயிலில் இரண்டாம் வகுப்பு மாத சீசன், ஏறக்குறைய 15 ஒற்றைப் பயணத்தின் விலைதான். எட்டு நாள் போய்த் திரும்பினாலே போட்ட பணத்தை எடுத்துவிடலாம். மூன்று மாத சீசனுக்கு மாத சீசனைப்போல் 2.7 மடங்கு கொடுத்தால் போதும். 2025 ஜூலையில் ரயில் கட்டணம் உயர்ந்தபோதும் புறநகர்க் கட்டணத்திலும் சீசனிலும் கை வைக்கவில்லை. சென்னை மாநகர பஸ்ஸின் 1,000 ரூபாய் மாதப் பாஸை மட்டும் கணக்குப் போட்டு வாங்குங்கள். 26 நாளுக்கு வகுத்தால் நாளைக்கு 38 ரூபாய் சொச்சம். அதற்குக் கீழே செலவு செய்கிறவருக்குப் பாஸ் நஷ்டம். மெட்ரோவில் கட்டணம் 10 முதல் 50 ரூபாய் வரை. கவுன்ட்டரில் வாங்காமல் போனிலேயே கியூஆர் டிக்கெட் எடுத்துப் போனால் 20 சதவீதத் தள்ளுபடி உண்டு.

சலுகை இருந்தும் தெரியாமல் காசு கொடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஐந்து வயது வரை உள்ள பிள்ளைக்கு அரசு பஸ்ஸில் டிக்கெட் வேண்டாம். ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை அரை டிக்கெட். திருநங்கையருக்கும், மாற்றுத்திறனாளிக்கும் அவருடன் வரும் துணைக்கும் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச பஸ் பாஸ் இருக்கிறது. ஆனால் இலவசம் என்பதற்காகப் பெண்கள் டிக்கெட் வாங்காமல் உட்கார்ந்துவிடக் கூடாது, கட்டணமில்லாச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். தனியார் டவுன் பஸ்ஸிலும் விரைவு பஸ்ஸிலும் இந்தச் சலுகை செல்லாது. அவசரத்தில் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டு நடுவழியில் வாக்குவாதம் செய்து பயனில்லை. ஏறும் முன் போர்டைப் பாருங்கள்.

டிக்கெட்டை மடித்துக் கைப்பையில் பத்திரமாக வையுங்கள். கண்டக்டரின் கருவியிலிருந்து வரும் அந்த மெல்லிய தாளில் ஏறிய ஊர், இறங்கும் ஊர், தொகை, தேதி, நேரம் எல்லாம் இருக்கும். வெயிலும் வியர்வையும் பட்டால் சில நாளில் எழுத்து மங்கி வெள்ளைத்தாளாகிவிடும். ஏதாவது பிரச்சினை என்றால் அன்றைக்கே போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

பஸ் கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 67-வது பிரிவின்படி மாநில அரசுக்குத்தான். தனியார் பஸ்ஸும் அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. டிக்கெட் எடுக்காதவருக்கு 500 ரூபாய் வரை அபராதம் என்று சொல்லும் அதே 178-வது பிரிவு, காசை வாங்கிக்கொண்டு டிக்கெட் தராத கண்டக்டருக்கும், குறைந்த தொகைக்குச் சீட்டு கிழிக்கும் கண்டக்டருக்கும் அதே அபராதத்தை வைத்திருக்கிறது. பயணிகளுக்கு முதல் பாதிதான் தெரிந்திருக்கிறது. ரயிலில் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

புகார் என்றால் அரசு பஸ்ஸுக்கு 149, ரயிலுக்கு 139. தொகை சிறியது என்று விட்டுவிடாமல், தேவைப்பட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். வழக்கு என்றதும் பெண்கள் தயங்கத் தேவையில்லை. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் அவர்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-ல் வந்த திருத்தத்திலிருந்தே, வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடக்கும் விபத்தும் வேலையில் நடந்த விபத்தாகக் கருதப்படும். ஆனால் நேரமும் இடமும் வேலையோடு பொருந்த வேண்டும். அதைக் காட்டவும் அந்தச் சின்ன டிக்கெட் உதவும்.

எல்லாவற்றுக்கும் மேல், பஸ் ஒழுங்காக வந்தாலே பாதிச் செலவு குறையும். உங்கள் ஊர் வழியாக ஒரு நாளைக்கு எத்தனை நடை அனுமதிக்கப்பட்டிருக்கிறது, போன மாதம் எத்தனை நடை ஓடியது, ஓடாததற்கு என்ன காரணம் என்ற மூன்று கேள்விகளை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய் கட்டணத்துடன் அரசுப் போக்குவரத்துக் கழக விழுப்புரம் கோட்டத்தின் காஞ்சிபுரம் மண்டலப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும். அந்தப் பதிலோடு உங்கள் நோட்டிலுள்ள கோடுகளையும் எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போய், எந்த நேரத்து பஸ் வேண்டும் என்று குறிப்பிட்டுத் தீர்மானம் கேளுங்கள். அதன் நகலைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாள் கூட்டத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.