ஜப்பானில் ஒரு சனி, ஞாயிறு: இதெல்லாம் தெரியுமா?

ஜூலை, ஆகஸ்டு வந்தால் ஜப்பானில் வெயிலும் உச்சம், திருவிழாவும் உச்சம்! அந்த நேரத்தில் குடும்பத்தோடு அங்கே ஒரு நண்பர் வீட்டுக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருவிழா கிடக்கட்டும், ஆச்சரியம் வாசலிலேயே ஆரம்பம்!

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவது நமக்கும் பழக்கம்தான். ஆனால் கழிவறைக்கென்றே தனிச் செருப்பு இருக்கும், தெரியுமா? மறந்துபோய் அதோடு கூடத்துக்கு வந்தீர்களோ, வீட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்!

குளியல் இன்னும் விசேஷம்! சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து முடித்த பிறகுதான் தொட்டியில் இறங்க வேண்டும். தொட்டி வெந்நீர் அழுக்குப் போக அல்ல, அலுப்புப் போக! அதே நீரில் வீட்டில் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக இறங்குவார்கள். முதலில் யார் தெரியுமா? விருந்தாளி!

காலை 6.30-க்கு வானொலியில் பியானோ ஒலிக்கும். உடற்பயிற்சி நேரம்! 1928-இல் தொடங்கிய நிகழ்ச்சி இன்னும் நடக்கிறது! கோடை விடுமுறையில் பிள்ளைகள் பூங்காவில் கூடி, பயிற்சி செய்து, அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டு ஓடுவார்கள்.

ஆகஸ்டு நடுவில், பல ஊர்களில், மறைந்த முன்னோர் வீட்டுக்கு வருவதாக நம்பும் ஓபோன் நாட்கள். அவர்கள் எதில் வருகிறார்கள் தெரியுமா? வெள்ளரிக்காயில்! நான்கு குச்சிகளைக் கால்களாகச் செருகினால் வெள்ளரிக்காய் குதிரையாகிவிடும். பக்கத்திலேயே கத்தரிக்காய் மாடு! வரும்போது குதிரையேறி வேகமாக வர வேண்டுமாம். திரும்பும்போது மாட்டின் மேல் மெதுவாக, மனசில்லாமல் போக வேண்டுமாம்! இதைவிட அழகான உபசரிப்பை நான் கேள்விப்பட்டதில்லை.

வெள்ளரிக்காய் என்றதும் ஹகாதா ஞாபகம் வருகிறது! ஃபுகுவோகா நகரத்தின் இந்தப் பகுதியில் ஜூலை 1 முதல் 15 வரை யமகாசா திருவிழா. அதில் சப்பரத்துக்குத் தோள் கொடுக்கும் ஆண்கள் அத்தனை நாளும் வெள்ளரிக்காயைத் தொடமாட்டார்கள்! ஏன் தெரியுமா? நறுக்கிய வெள்ளரித் துண்டு, திருவிழா நடக்கும் கோயிலின் சின்னத்தைப் போலவே இருக்கிறதாம்! கடைசி நாள் விடியற்காலை சரியாக 4.59-க்கு முதல் சப்பரம் கிளம்பும். எடை சுமார் 1 டன். அதைச் சுமந்துகொண்டு 5 கிலோமீட்டர் ஓட்டம்! அதென்ன 4.59? முதல் அணி மட்டும் கோயிலில் நின்று ஒரு பாட்டுப் பாடும். அதற்குத்தான் அந்த ஒரு நிமிடம்!

திருவிழாவுக்கு யுகாதா என்ற பருத்தி உடையைக் கட்டிக்கொள்வார்கள். இடப்பக்கம்தான் மேலே வர வேண்டும். மாற்றிக் கட்டிவிடாதீர்கள்! அது இறந்தவர்களுக்கு!

கடைத்தெருவில் தாகமா? ‘ராமுனே’ கேளுங்கள். கழுத்தில் கோலிக்குண்டு உருளும் பாட்டில் வரும். ஆமாம், நம்ம ஊர் கோலி சோடாவேதான்! இரண்டுக்கும் மூலம் 1870-களில் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் உருவாக்கிய பாட்டில்!

பக்கத்துக் கடையில் காகித வலையால் தங்கமீனைக் கோரி எடுக்கும் விளையாட்டு. நனைந்த காகிதம் கிழிந்தால் ஆட்டம் முடிந்தது! இதற்குத் தேசியப் போட்டியே உண்டு, தெரியுமா? நாரா பக்கத்தில் யமாதோகோரியாமா என்ற ஊரில். நேரம் 3 நிமிடம்!

அகிதா கான்தோ விழாவுக்கு வாருங்கள். 12 மீட்டர் மூங்கில் கம்பம். அதில் 46 விளக்குகள், உள்ளே நிஜ மெழுகுவத்தி! மொத்தம் 50 கிலோ. இதை ஒரே ஆள் தாங்குகிறார். உள்ளங்கையில், தோளில், நெற்றியில், இடுப்பில்! பொடிசுகளுக்கும் கம்பம் உண்டு. 5 மீட்டர், 5 கிலோ!

கியோட்டோவின் கியோன் விழா 869-இல் கொள்ளைநோய் தணிய வேண்டித் தொடங்கியது! அங்கே தேர்கள் 25 மீட்டர் உயரம் வரை, 12 டன் எடை வரை. சட்டத்தை இணைக்க ஆணி கிடையாது. எல்லாம் கயிற்றுக் கட்டு! சக்கரம் ஆளுயரத்துக்கு நிற்கும், ஆனால் திரும்பாது. பிறகு தெருமுனையில் எப்படித் திருப்புவார்கள்? பிளந்த மூங்கிலைச் சக்கரத்தடியில் பரப்பி, மேலே தண்ணீரை ஊற்றி, வடத்தைப் பக்கவாட்டில் ஒரே இழுப்பு! 12 டன் தேர் வழுக்கிக்கொண்டு திரும்பும்! ஒரே இழுப்பில் முழுக்கத் திரும்பாது. மறுபடி மூங்கில், மறுபடி தண்ணீர், மறுபடி இழுப்பு! அதோடு நிற்கவில்லை. இந்தத் தேர்களில் ஒன்றின் திரைச்சீலையில் டிராய் போர்க் காட்சி! 16-ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தில் நெய்தது!

வாணவேடிக்கைக்கு நாகாஓகா. ஆகஸ்டு 2, 3. அங்கே வெடிக்கும் பெரிய குண்டின் குறுக்களவு 90 சென்டிமீட்டர், எடை 300 கிலோ! 600 மீட்டர் உயரே போய், 650 மீட்டர் அகலத்துக்கு விரியும். ஏன் இந்தத் தேதிகள்? 1945 ஆகஸ்டு 1 இரவு அமெரிக்க விமானங்கள் இந்த ஊரை எரித்தன. 1,480-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இன்றும் அதே ஆகஸ்டு 1, அதே இரவு 10.30-க்கு, அவர்களுக்காக வெள்ளை வாணங்கள் மட்டும் எழுகின்றன.

டோக்கியோவில் சுமிதா ஆற்றங்கரை என்றால், வாணம் விரியும்போது “தமாயா! காகியா!” என்று கத்துவார்கள். இரண்டும் பழைய வாணக் கடைகளின் பெயர்கள். அதில் தமாயா 1843-இல் தீ விபத்து உண்டாக்கியதற்காக ஊரைவிட்டே விரட்டப்பட்டது! கடை நடந்தது முப்பது வருடத்துக்குச் சற்றே கூடுதல். மூடி 180 வருடம் தாண்டிவிட்டது. ஆனால் ஜனங்கள் இன்னும் கத்துவது எந்தப் பெயரை அதிகம் தெரியுமா? தமாயாவைத்தான்!