மாரத்தானுக்கு ஏற்ற வேகம்

மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். அதற்கு ஏற்ற வேகத்தைக் கணிக்கக் கைகொடுப்பது, சில வாரங்களுக்கு முன் ஓடிய அரை மாரத்தானின் நேரம். அதை அப்படியே இரண்டால் பெருக்கினால் கணக்கு பொய்த்துவிடும். தூரம் கூடக் கூட வேகம் குறையும். அமெரிக்கப் பொறியாளர் பீட்டர் ரீகல் 1977-இல் வெளியிட்ட சூத்திரம் இந்தக் குறைவையும் சேர்த்தே கணக்கிடுகிறது. அதன்படி, தூரம் இரட்டிப்பானால் நேரம் ஏறத்தாழ 2.085 மடங்காகும். அரை மாரத்தானை 2 மணி நேரத்தில் முடித்தவருக்கு முழு மாரத்தான் சுமார் 4 மணி 10 நிமிடம். அதாவது, கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 56 விநாடி.

நீண்ட தூரம் ஓடிப் பழகியவர்களுக்கே இந்தக் கணக்கு பொருந்தும். முதன்முறை ஓடுபவர் இன்னும் 10, 15 நிமிடம் கூட்டிக்கொள்வது நல்லது. வெயிலும் புழுக்கமும் மிகுந்த நாளில் யாராக இருந்தாலும் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

தொடக்கத்தில் உடம்பில் தெம்பு இருக்கும். கூட்டத்தின் ஆரவாரமும் சேர்ந்துகொள்ளும். பலர் தடுமாறுவது இங்கேதான். வேகம் மிஞ்சினால் தசைகளில் சேமித்த கிளைக்கோஜன் என்னும் எரிபொருள் சீக்கிரம் தீர்ந்து, 30 கிலோமீட்டரை ஒட்டிக் கால்கள் கனக்கும். முதலில் மிச்சம் பிடித்த நிமிடங்களைவிடக் கடைசியில் இழப்பதே அதிகம்.

தொடக்கத்தில் அடக்கி ஓடுவதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2023-இல் சிகாகோவில் 2 மணி 35 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்த கென்யாவின் கெல்வின் கிப்டம், முதல் பாதியை 60 நிமிடம் 48 விநாடியிலும் இரண்டாம் பாதியை 59 நிமிடம் 47 விநாடியிலும் கடந்தார்.