ஆக்சிடாசினும் பாலூட்டிகளின் சமூக நடத்தையும்

ஆக்சிடாசின் என்பது பாலூட்டிகளின் மூளையில் சுரக்கும் ஒரு ஹார்மோன் ஆகும். ஒன்பது அமினோ அமிலங்கள் சேர்ந்த மிகச் சிறிய மூலக்கூறான இதை ஹைப்போதலாமஸ் பகுதியிலுள்ள நரம்புச் செல்கள் உருவாக்குகின்றன. இதன் ஒரு பங்கு பிட்யூட்டரி சுரப்பியின் பின்மடல் வழியாக இரத்தத்தில் கலந்து, பிரசவத்தின்போது கருப்பையையும், பாலூட்டும்போது பால் சுரப்பிகளையும் சுருங்கச் செய்கிறது. மற்றொரு பங்கு மூளைக்குள்ளேயே வெளியாகி, தாய்க்கும் குட்டிக்கும் இடையேயான பிணைப்பு, இணையாகச் சேர்ந்து வாழ்தல், ஏற்கெனவே பழகிய விலங்கை அடையாளம் காணுதல் போன்ற நடத்தைகளில் பங்கு கொள்கிறது. இதழ்கள் இதற்குச் சூட்டிய ‘அன்பு ஹார்மோன்’ என்ற பெயர் எளிதில் நினைவில் நிற்பது. ஆனால் ஆய்வுகள் காட்டும் ஆக்சிடாசின் அவ்வளவு எளிமையானதன்று.

வைக்கோல் கன்று

பாக்கெட் பால் பரவுவதற்கு முன்பு சிந்தாதிரிப்பேட்டை, திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் போன்ற சென்னையின் பழைய பகுதிகளில் பால்காரர் மாட்டை வீட்டு வாசலுக்கே ஓட்டிவந்து கறந்து கொடுப்பது வழக்கம். பாலில் தண்ணீர் கலக்கவில்லை என்பதற்கு வீட்டுக்காரரே சாட்சி. மாட்டுடன் கன்றும் வரும். கன்று இறந்துபோயிருந்தால், அதன் தோலை உரித்துப் பதப்படுத்தி, உள்ளே வைக்கோலைத் திணித்துத் தைத்த பொம்மைக் கன்றைத் தோளில் சுமந்து வருவார்கள். அதை மாட்டின் முன் வைத்ததும் மாடு முகர்ந்து பார்க்கும், நக்கும். சிறிது நேரத்தில் மடி இறுகிக் காம்புகளில் பால் இறங்கும்.

பார்க்க வருத்தம் தரும் காட்சிதான். ஆனால் ஆக்சிடாசினின் வேலையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் ஆய்வகங்களிலும் அரிது. பால் மடியில் முன்பே ஊறியிருக்கிறது. அதில் பெரும்பகுதி, நுண்ணறைகள் எனப்படும் மிகச் சிறிய பைகளில் தேங்கி நிற்கும். காம்பை இழுப்பதால் மட்டும் அது வெளியே வராது. நுண்ணறையைச் சுற்றியுள்ள தசைச் செல்கள் சுருங்கி அதைப் பிழிந்துவிட வேண்டும். அதற்கான உத்தரவு மூளையிலிருந்து ஆக்சிடாசின் வடிவில் இரத்தத்தின் வழியே வருகிறது. மாடு ‘சுரப்பு விட்டது’ என்று கறவைக்காரர்கள் சொல்வது இதைத்தான். மடியைத் தொட்ட பிறகு ஏறக்குறைய ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டியிருப்பதும் ஹார்மோன் இரத்தத்தில் பயணம் செய்து வரவேண்டியிருப்பதால்தான்.

கலப்பினப் பசுக்கள் பலவும் கன்று இல்லாமலே, பால் வாளியின் ஓசைக்கோ கறப்பவரின் கை பட்டதற்கோ சுரப்பு விடப் பழகிவிடுகின்றன. நாட்டு மாடுகளும் எருமைகளும் அவ்வளவு சீக்கிரம் இணங்குவதில்லை. எருமையின் மடியில், ஹார்மோனின் உதவியின்றிக் கறக்கக்கூடிய பால் மிகக் குறைவு. எனவே இந்த மாடுகளுக்குக் கன்று கண்முன் நிற்பது முக்கியமாகிறது. வைக்கோல் கன்றைப் பார்த்துப் பசு ஏமாறுகிறதா, அல்லது தெரிந்த வாசனைக்கும் தினசரிப் பழக்கத்துக்கும் அதன் மூளை பதில் சொல்கிறதா என்று கேட்டால், இரண்டாவது விடையே பொருத்தமாகத் தோன்றுகிறது.

அச்சமும் பாலும்

1941ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஈலி, பீட்டர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இதை ஒரு வேடிக்கையான சோதனையால் விளக்கினர். கறவையின்போது பசுவின் முதுகில் ஒரு பூனையை ஏற்றிவிட்டு, பக்கத்தில் காகிதப் பைகளை ஊதி வெடித்தார்கள். மிரண்ட பசு பாலை விடவில்லை. அட்ரினலினை ஊசியாகச் செலுத்தியபோதும் அதே விளைவு கிடைத்தது. மடியின் ஒரு பாதிக்குச் செல்லும் நரம்புகளை வெட்டிய பசுவிலோ இரு பாதிகளிலும் பால் இறங்கியது. ஆகவே மூளையின் செய்தி மடிக்கு நரம்பின் வழியாக அன்றி இரத்தத்தின் வழியாகவே போகிறது என்பது உறுதியானது. புதிய ஆள் கறந்தால் மாடு பாலை ‘அடக்கிக்கொள்கிறது’ என்ற கிராமத்து அனுபவத்துக்கு இதுவே விளக்கம். ஆக்சிடாசின் வெளியாவதும் மடியைச் சென்றடைவதும் விலங்கு தன் சூழலைப் பாதுகாப்பாக உணர்வதைப் பொறுத்தவை.

ஆக்சிடாசினின் வரலாறு இதற்கும் முந்தையது. 1906இல் ஹென்றி டேல், பிட்யூட்டரிச் சாறு கருப்பையைச் சுருங்க வைப்பதைக் கவனித்தார். ‘விரைவான பிறப்பு’ என்ற பொருள் தரும் கிரேக்கச் சொற்களிலிருந்து ஹார்மோனுக்குப் பெயர் வந்தது. 1953இல் வின்சென்ட் டு விக்னியோ அதைச் செயற்கையாகத் தயாரித்தார். 1955இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஊசி வந்த பிறகு

செயற்கை ஆக்சிடாசின் மலிவாகக் கிடைத்ததும் வைக்கோல் கன்றின் வேலையை ஊசி எடுத்துக்கொண்டது. கறவைக்கு முன் மாட்டின் தொடையில் ஊசி போட்டால், கன்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் பால் இறங்கும். நாள்தோறும் ஊசி போடப்படும் மாடு நாளடைவில் ஊசி இல்லாமல் தானாகச் சுரப்பு விடும் திறனை இழக்கத் தொடங்குகிறது. கன்றை உயிரோடு காக்க வேண்டிய தேவையும் வளர்ப்பவருக்குக் குறைகிறது. ஆண் கன்றுகள் இதனால் அதிகம் பாதிக்கப்படுகின்றன.

இது முழுக்கப் புதிய கொடுமையும் அன்று. பசுவின் பிறப்புறுப்பில் காற்றை ஊதிப் பால் கறக்கும் ‘பூக்கா’ என்ற முறை முன்பு இந்தியாவில் இருந்தது. அதுவும் ஆக்சிடாசினைக் கட்டாயமாக வெளிவரச் செய்யும் வழியே: அவ்விடத்தில் ஏற்படும் அழுத்தத்தைக் கன்று பிறப்பதாக மூளை எடுத்துக்கொள்கிறது. பசுக்களுக்கும் எருமைகளுக்கும் இழைக்கப்படும் கொடுமையை அறிந்து பாலை விட்டதாகவும், பின்னர் நோயுற்றபோது ஆட்டுப்பாலை மட்டும் ஏற்றதாகவும் காந்தி தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 12ஆம் பிரிவில் பூக்காவையும், விலங்கின் உடல்நலத்துக்குத் தீங்கான வகையில் பால் பெருக்க ஊசி போடுவதையும் ஒன்றாகவே தண்டனைக்குரிய குற்றங்களாக வைத்துள்ளது.

இந்தத் தவறான பயன்பாட்டைத் தடுக்க, ஏப்ரல் 2018இல் மத்திய சுகாதார அமைச்சகம் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கான ஆக்சிடாசினைத் தனியார் நிறுவனங்கள் தயாரிக்கத் தடை விதித்தது. கர்நாடகத்திலுள்ள ஒரு பொதுத்துறை நிறுவனம் மட்டுமே தயாரிக்கலாம் என்பது திட்டம். பிரசவத்துக்குப் பின் ஏற்படும் கடும் இரத்தப்போக்கிலிருந்து தாய்மாரைக் காப்பாற்றும் முதல் மருந்து ஆக்சிடாசின்தான். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலும் அது உள்ளது. ஒரே நிறுவனத்தை நம்பினால் தட்டுப்பாடு வரும் என்று மருத்துவர்கள் அஞ்சினர். டிசம்பர் 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் அத்தடையை ரத்து செய்தது; வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது. மாட்டுத் தொழுவத்தில் தவறாகப் பயன்படும் அதே மருந்து, பிரசவ அறையில் உயிர் காப்பதாக இருப்பதே இந்தச் சிக்கலின் முடிச்சு. ஊசி போட்ட மாட்டின் பாலைக் குடித்தால் ஹார்மோன் மனிதருக்குச் சேரும் என்ற பரவலான அச்சத்துக்கு வலுவில்லை. ஆக்சிடாசின் புரத வகையைச் சேர்ந்தது. குடலில் செரித்துச் சிதைந்துவிடும்.

மூளைக்குள் நடப்பது

தொடையில் போடும் ஊசி பாலை இறக்கும். ஆனால் பசுவைக் கன்றின்பால் ஈர்க்காது. இரத்தத்திலுள்ள ஆக்சிடாசின், மூளையைக் காக்கும் தடுப்பைத் தாண்டி உள்ளே செல்வது மிகக் குறைவு. நடத்தையை மாற்றுவது மூளைக்குள்ளேயே வெளியாகும் ஆக்சிடாசின்தான். 1979இல் பெடர்சன், பிரேஞ்ச் ஆகியோர் குட்டி ஈனாத பெண் எலிகளின் மூளை அறைகளில் நேரடியாக ஆக்சிடாசினைச் செலுத்தினர். வழக்கமாகப் பிறர் குட்டிகளைத் தவிர்க்கும் அந்த எலிகளில் பல, குட்டிகளைக் கவ்வி எடுத்துவந்து, நக்கி, அணைத்துப் படுத்தன.

செம்மறியாட்டில் இது இன்னும் நுட்பமாக நடக்கிறது. எலித் தாய்க்கு எந்தக் குட்டியும் ஒன்றுதான். ஆடு அப்படியன்று, குட்டி ஈன்ற ஓரிரு மணி நேரத்தில் அதன் வாசனையைக் கற்றுக்கொண்டு, பிறகு வேறு குட்டி மடிக்கு வந்தால் முட்டித் தள்ளிவிடும். குட்டி பிறப்பு வழியில் வரும்போது ஏற்படும் அழுத்தம் மூளையில் ஆக்சிடாசினை வெளிப்படுத்துகிறது. அது வாசனையை அறியும் பகுதியிலும் செயல்படுவதால், அந்த நேரத்தில் முகர்ந்த வாசனை நெடுநாள் நினைவாகப் பதிகிறது. கெவர்ன், கெண்ட்ரிக் ஆகியோர் 1980களில் கேம்பிரிட்ஜ் பகுதியில் நடத்திய சோதனைகளில், அந்த அழுத்தத்தைச் செயற்கையாக உண்டாக்கியபோது ஆடுகள் அந்நியக் குட்டிகளையும் ஏற்றுக்கொண்டன. தாயிழந்த குட்டிக்கு, இறந்த குட்டியின் தோலைப் போர்த்தி இன்னொரு ஆட்டிடம் ஊட்டவிடும் மேய்ப்பர்களின் உத்தியும் வைக்கோல் கன்றும் இதே வாசனைப் பூட்டைத் திறக்கும் சாவிகளே.

இங்கே கவனிக்க வேண்டியது: ஒரு குட்டியை ஏற்க வைக்கும் அதே நிகழ்வு மற்றவற்றை விலக்கவும் வைக்கிறது. பாலூட்டும் எலிகளின் மூளையில் ஆக்சிடாசின் மிகுதியாக வெளியாகும்போது, கூட்டுக்குள் நுழையும் அந்நிய எலியை அவை அதிகமாகத் தாக்குவதும் கண்டறியப்பட்டுள்ளது. புதிதாக ஈன்ற பசு, பழகாதவர் கிட்டே வந்தால் முட்ட வருவதை ஊரில் எல்லோரும் அறிவர்.

இணையும் நினைவும்

வட அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் ‘வோல்’ என்னும் எலி போன்ற விலங்கு இத்துறையில் புகழ்பெற்றது. பிரெய்ரி வோல் ஒரே இணையுடன் சேர்ந்து குட்டிகளை வளர்க்கும். அதன் நெருங்கிய உறவான மலை வோல் தனித்து வாழும். இரண்டிலும் ஆக்சிடாசின் உண்டு. வேறுபாடு ஏற்பிகளில் இருக்கிறது. பிரெய்ரி வோலின் மூளையில், இன்பத்தையும் வெகுமதியையும் உணரும் பகுதியில் ஆக்சிடாசின் ஏற்பிகள் அடர்த்தியாக உள்ளன. மலை வோலில் அவை அங்கே மிகக் குறைவு. ஆண் வோல்களில், ஆக்சிடாசினிலிருந்து இரண்டே அமினோ அமிலங்களில் வேறுபடும் வாசோபிரெசின் என்ற ஹார்மோனுக்குப் பெரிய பங்குண்டு. சூ கார்ட்டர், தாமஸ் இன்செல், லேரி யங் ஆகியோரின் ஆய்வுகளால் 1990களில் இந்தச் சித்திரம் உருவாயிற்று.

மரபணு நீக்கச் சோதனைகள் அதைக் கலைத்துப் போட்டன. 1996இல் ஆக்சிடாசினே சுரக்காதபடி மாற்றப்பட்ட சுண்டெலிகள் இயல்பாகக் குட்டி ஈன்றன, குட்டிகளை நன்றாகவே பேணின. ஆனால் பாலை மட்டும் இறக்க முடியவில்லை, குட்டிகள் பட்டினியால் இறந்தன. இத்தகைய சுண்டெலிகள் முன்பு சந்தித்த எலியை மறுபடி பார்த்தால் அடையாளம் தெரியாமல் புதிதாக முகர்ந்தன என்று 2000ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. 2023இல், ஆக்சிடாசின் ஏற்பியே இல்லாமல் பிறந்த பிரெய்ரி வோல்கள் வழக்கம்போல் இணை பிரியாமல் வாழ்ந்தன என்ற முடிவு வெளியானது. பிறவியிலேயே இல்லாத ஒன்றை வளரும் மூளை வேறு வழிகளில் ஈடுகட்டுகிறது என்று இதற்கு விளக்கம் கூறப்படுகிறது. அந்தச் சுண்டெலிகளில் பால் இறங்குவதற்கு வேறு வழியில்லை. பிணைப்புக்கோ ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்கின்றன.

மனிதரில்

2005இல் சூரிச் ஆய்வாளர்கள், மூக்கில் ஆக்சிடாசின் தெளிக்கப்பட்டவர்கள் பண விளையாட்டொன்றில் அந்நியரைக் கூடுதலாக நம்பினர் என்று அறிவித்தனர். உலகெங்கும் அது செய்தியானது. ‘நம்பிக்கைத் தெளிப்பான்’ என்ற பெயரில் வணிகமும் தொடங்கியது. 2020இல் அச்சோதனையைப் பெரிய அளவில் திரும்பச் செய்தவர்களுக்கு அந்த விளைவு கிடைக்கவில்லை. டச்சு ஆய்வாளர் டி ட்ரூவின் குழு, ஆக்சிடாசின் தன் குழுவினர் மீதான சாய்வையே கூட்டுகிறது என்று 2010இல் கூறியது; செம்மறியாட்டை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. ஆட்டிசம் உள்ள 290 குழந்தைகளிடமும் இளையோரிடமும் 24 வாரங்கள் நடத்தப்பட்டு 2021இல் வெளியான அமெரிக்கச் சோதனையில், தெளிப்பான் பெற்றவர்களுக்கும் வெற்று மருந்து பெற்றவர்களுக்கும் இடையே சமூகப் பழக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இருந்தும் இத்தகைய தெளிப்பான்கள் இணையத்தில் விற்கப்படுகின்றன. மருத்துவரின் பரிந்துரையின்றிக் குழந்தைகளுக்கு அவற்றைப் பயன்படுத்துவதற்கு அறிவியல் அடிப்படை ஏதும் இல்லை.