ஒப்புக்குச் சப்பாணியும் உரிய ஆட்டக்காரரும்: பள்ளிகளில் உள்ளடக்கிய கிரிக்கெட்

முன்னுரை

தமிழகத் தெரு விளையாட்டுகளில் ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்றோர் இடம் உண்டு. ‘உப்புக்குச் சப்பாணி’ என்றும் வழங்குவர். மிகச் சிறிய குழந்தையோ, ஆட இயலாது எனப் பிறர் கருதும் குழந்தையோ அழாதிருக்கும் பொருட்டு அணியில் சேர்த்துக்கொள்ளப்படும். அக்குழந்தை ஆட்டமிழந்தாலும் கணக்கில்லை. பிறரை ஆட்டமிழக்கச் செய்தாலும் கணக்கில்லை. சப்பாணி என்னும் சொல் கால் இயங்காதவரைக் குறிப்பது. (பிள்ளைத்தமிழின் சப்பாணிப் பருவம் கைகொட்டுதலைச் சுட்டுவது, அது வேறு.) பெயரளவில் சேர்க்கப்படுபவருக்கு வழக்கு இட்ட பெயரே உடற்குறையின் பெயராக அமைந்திருக்கிறது. பள்ளிக் கிரிக்கெட்டில் மாற்றுத்திறன் மாணவர் எப்போது ஒப்புக்குச் சேர்க்கப்படுகிறார், எப்போது உரிய ஆட்டக்காரராகிறார் என்பதை ஆட்ட விதிகளின் வழி இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

சட்டமும் மைதானமும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் குறித்த ஐ.நா. உடன்படிக்கையின் 30-ஆம் உறுப்பு, பள்ளி அமைப்புக்குள் நடைபெறும் விளையாட்டுகளிலும் மாற்றுத்திறன் குழந்தைகளுக்குச் சம வாய்ப்பை வலியுறுத்துகிறது. இந்தியா அதனை 2007-இல் ஏற்புறுதி செய்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 16-ஆம் பிரிவு, அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் விளையாட்டு வாய்ப்பினைப் பிறருக்குச் சமமாக வழங்க வேண்டும் என்கிறது. மைதானத்தில் காணக்கூடிய நடைமுறையோ பெரும்பாலும் மாணவரை ஓட்டக் கணக்கு எழுத அமர்த்துவதாகவோ, புத்தகப் பைகளுக்குக் காவலாக உட்கார வைப்பதாகவோ உள்ளது. கணக்கு எழுதுவது மதிப்புள்ள பணியே. ஆயினும் அது ஆட்டமன்று.

பார்வையற்றோர் கிரிக்கெட் காட்டும் வழி

1922-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் பார்வையற்ற தொழிலாளர்கள் தகரக் குவளைக்குள் கற்களை இட்டு ஆடியதே இவ்வாட்டத்தின் தொடக்கம் என்பர். 1996-இல் உலகப் பார்வையற்றோர் கிரிக்கெட் மன்றம் உருவாயிற்று. 1998-இல் புதுதில்லியில் முதல் உலகக் கோப்பை நடைபெற்றது. இன்று உள்ளே உலோகக் குண்டுகள் இட்ட நெகிழிப் பந்து பயன்படுகிறது. பந்துவீச்சாளர் ‘ரெடி’ எனக் கேட்க, மட்டையாளர் ‘யெஸ்’ என்ற பின், ‘ப்ளே’ எனக் கூறிக் கையைத் தாழ்த்திப் பந்தை உருட்டிவிடுகிறார். ஆடுதளத்தின் நடுக்கோட்டிற்கு முன்பே பந்து தரையைத் தொட வேண்டும்.

ஆய்வுக்குரிய பகுதி அணியமைப்பே. பதினொருவருள் குறைந்தது நால்வர் முழுப் பார்வையின்மை கொண்ட ‘பி1’ பிரிவினர். குறைந்தது மூவர் ‘பி2’. குறைபார்வை உடைய ‘பி3’ பிரிவினர் நால்வருக்கு மேல் இருத்தலாகாது. ‘பி1’ மட்டையாளர் எடுக்கும் ஓட்டங்கள் இரட்டிப்பாகக் கணக்கிடப்படும். ‘பி1’ களத்தடுப்பாளர் ஒருமுறை தரையில் எழும்பிய பந்தைப் பிடித்தாலும் மட்டையாளர் ஆட்டமிழப்பார். ஆக, திறனில் ஒருவருக்கொருவர் வேறுபட்டவர்களை ஒரே அணியில் ஆடவைக்கும் விதித்தொகுப்பு இது. இங்கு விதி மாறுகிறது, விளைவு மாறுவதில்லை. ‘பி1’ வீரரின் ஸ்டம்பு சாய்ந்தால் அவர் வெளியேறியே ஆக வேண்டும். ஒப்புக்குச் சப்பாணிக்கு மறுக்கப்படுவது ஆட்டமிழக்கும் இந்த உரிமைதான்.

சிதறலும் மாற்றும்

இவ்வாட்டம் வளர்வதற்குச் சிறப்புப் பள்ளி ஏற்ற இடம். அங்கே பதினொருவரைத் திரட்ட இயலும். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அருகமைப் பள்ளியையோ சிறப்புப் பள்ளியையோ தெரிந்தெடுக்கும் உரிமையைத் தருகிறது. அருகமைப் பள்ளியில் சேரும் பார்வையற்ற மாணவர் தம் வகுப்பில் பெரும்பாலும் ஒருவராகவே இருப்பார். உள்ளடக்கிய கல்வி அவருக்கு வகுப்பறையைத் தந்து அணியைப் பறித்துவிடக்கூடும் என்னும் முரண் போதிய கவனம் பெறவில்லை. எனவே விதிகளை அப்படியே கொண்டுசெல்வதைவிட, அவற்றின் அடிப்படையைப் பார்வையுள்ள சக மாணவர்களிடையே பொருத்துவதே ஏற்புடையது. ஒலிப்பந்து, தாழ்கை வீச்சு, குரல் அறிவிப்பு ஆகியன எல்லாருக்கும் பொது. இரட்டை ஓட்டமும் ஓரெழும்பல் பிடியும் பார்வையற்றவருக்கு மட்டும். கை, கால் இயக்கம் மிகக் குறைந்தோருக்கு இது போதாது. பிரிட்டனில் உருவான மேசைக் கிரிக்கெட்டில் மேசைப்பந்தாட்டப் பலகையின் மேல் சரிவுக் கருவி வழியே பந்து உருண்டு வருகிறது. களத்தடுப்பாளர்கள் பலகையோரத் தடுப்புகளை நகர்த்தி அதனை மறிக்கின்றனர்.

இரட்டை ஓட்டம் சலுகை என்று சக மாணவர் முறையிடலாம். தெருக் கிரிக்கெட் ஆடிய எவருக்கும் இம்முறையீடு வியப்பளிக்க வேண்டும். ‘ஒன் பிட்ச் கேட்ச்’, மதிலைத் தாண்டினால் அவுட், ஆள் குறைந்தால் இரு அணிக்கும் பொதுவான ஆட்டக்காரர் என, இடத்திற்கும் ஆளுக்கும் ஏற்ப விதியை வளைப்பதில் நம் தெருக்கள் தேர்ந்தவை. ‘பி1’ களத்தடுப்பாளருக்குரிய பிடி விதி தமிழ்ச் சிறுவர் நெடுநாளாக அறிந்த ‘ஒன் பிட்ச்’ விதியே.

நடைமுறையில் எழும் பெரிய இடர் பந்தின் விலையோ மைதானத்தின் அளவோ அன்று, இரைச்சல். அருகே மற்றொரு வகுப்பு கபடி ஆடும்போது பந்தின் ஒலி மட்டையாளரை எட்டாது. ஆகவே உடற்கல்வி ஆசிரியர் கால அட்டவணையிலேயே மைதானத்தின் ஒரு மூலையையும் ஒரு பாடவேளையையும் ஒதுக்க வேண்டியுள்ளது. ‘ப்ளே’ என்ற சொல்லுக்கும் மட்டை பந்தைத் தொடும் ஓசைக்கும் இடைப்பட்ட நொடிகளில் வாய்மூடி நிற்பதை நாற்பது மாணவரும் பழக வேண்டும். முதல் சில வாரங்களின் பயிற்சி முழுவதும் இதற்கே செலவாகும்.