அகிலனை ரசிக்க முடியாத வாசகன்

தென்னையும் செம்பனையும் கடலோரம்வரை பரந்துகிடக்கும் மலேசியாவின் பாகான் டத்தோ வட்டாரத்தில், மு. வரதராசனாரையும் அகிலனையும் நா. பார்த்தசாரதியையும் படித்து வளர்ந்த தலைமுறையினரிடம், ‘அகிலன் எழுத்தில் எனக்கு மனம் ஒட்டவில்லை’ என்று ஓர் இளைஞன் சொல்லிவிட்டால், சொந்த உறவினர் ஒருவரை அவன் அவமதித்துவிட்டாற்போல அவர்கள் வருந்துகிறார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. தமிழகத்தில் பெரும் பிரசித்தி பெற்றிருந்த அகிலன், மலேசியாவுக்கு வந்து, தோட்டத் தொழிலாளர் வாழ்வை நேரில் கண்டு, ‘பால்மரக் காட்டினிலே’ என்னும் நாவலைப் படைத்தார். ரப்பரைக் காட்டிலும் தேங்காயோடு அதிகம் உழைத்த இவ்வட்டாரத்தாருக்கும், அதில் வரும் பால்வெட்டும் ஜனங்கள் அந்நியர் அல்லர்.

ஆயினும் நன்றி வேறு, ரசனை வேறு. ‘சித்திரப்பாவை’ நாவலுக்கு 1975ஆம் ஆண்டின் ஞானபீடப் பரிசு கிடைத்து, அக்கௌரவம் முதன்முறையாகத் தமிழுக்கு வந்தபோது, அந்தத் தேர்வைக் கடுமையாக மறுத்து சுந்தர ராமசாமி ‘போலி முகங்கள்’ என்ற கட்டுரையை எழுதினார். அக்கடுமை எனக்கு உடன்பாடன்று. ஆனால் ஓவியன் அண்ணாமலையின் கதையான அந்நாவலை நானும் பிரயாசைப்பட்டே படித்து முடித்தேன். நல்லவர் இன்னார், தீயவர் இன்னார் என்பது ஆரம்பத்திலேயே தீர்மானமாகிவிடுவதும், பாத்திரங்கள் தம் மனப்போராட்டத்தை நாம் ஊகிக்க விடாமல் தாமே பிரசங்கமாக எடுத்துரைப்பதும் என்னைக் களைப்புறச் செய்தன. அதே தெளிவுதான், விடியுமுன் பெரட்டு என்னும் ஆளெடுப்புக்குப் போய், பகலெல்லாம் உழைத்து, மாலையில் லயத்துக்குத் திரும்பிய ஒருவருக்கு, இவ்வுலகில் தர்மம் இன்னும் நிலைத்திருக்கிறது என்ற ஆறுதலைத் தந்தது என்பதையும் நான் மனப்பூர்வமாக ஒப்புகிறேன்.

புகழ்பெற்ற எழுத்தாளரை ரசிக்க முடியாமல் போவது புதிதன்று. ஷேக்ஸ்பியரைப் பல மொழிகளில், இளமை தொட்டு முதுமைவரை மீண்டும் மீண்டும் படித்தும் தமக்கு வெறுப்பே மிஞ்சியது என்று, 1906இல் வெளியான கட்டுரையில் டால்ஸ்டாய் சொன்னார். அவ்வளவு பொறுமையோடு படித்தபின் சொன்ன அந்த அபிப்பிராயத்துக்கு, நாற்பதாண்டு கழித்தும், ஜார்ஜ் ஆர்வெல் போன்றவர் விரிவாகப் பதில் எழுத வேண்டியிருந்தது. படிக்காமலே, ஜனரஞ்சக எழுத்துத்தானே என்று உதறுபவருக்கு அப்படித் தீர்ப்புச் சொல்லும் உரிமை இல்லை.

ஆகவே, படித்துப் பார்த்துப் பிடிக்கவில்லை என்னும் இளைஞனைத் தமிழபிமானம் அற்றவன் என்று ஏசாமல், சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ நாவலை அவன் கையில் பெரியவர்கள் கொடுக்கட்டும். தோட்டத்து வாழ்வை உள்ளிருந்தே அறிந்தவர் எழுதிய அந்நாவலைப் படித்தபின், அகிலனிடம் தனக்கு எது குறைபட்டது என்பதை அவன் அவர்களிடம் விளக்கிச் சொல்லலாம். அவர்களும் முத்துசாமியைப் படித்துவிட்டு, அதில் தமக்கு எது ஒட்டவில்லை என்று தயங்காமல் சொல்லலாம்.